பின்பாதிக் கப்பல்

அந்தக் கப்பலுக்குப் பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எருமை என்பார்கள். மணிக்கு எட்டரை மைல் போகும். பின்னால் யார் விரட்டினாலும் அதே எட்டரைதான். வயிறு முட்ட எண்ணெயை ஏற்றிக்கொண்டு, முதுகு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, அலை ஏறி வழிய அது போகிற போக்கைப் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது.

பம்ப்காரர் அதில் பதினோரு வருஷமாக இருந்தார். எண்ணெய்க் கப்பலில் கேப்டனுக்கு அடுத்தபடி யார் பெரியவர் என்று கேட்டால் எல்லோரும் தலைமை இன்ஜினியரைச் சொல்வார்கள். பம்ப்காரர் தன்னைச் சொல்வார். சிரிக்காமல் சொல்வார். இருபத்திரண்டு தொட்டிகள், அவற்றுக்கு நடுவே கோழிக்குடல் மாதிரி ஓடும் குழாய்கள், நூற்றுச் சொச்சம் வால்வுகள். எது எங்கே போகிறது என்று வரைபடம் பார்க்காமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். இன்ஜினியரே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வந்து நிற்பார்.

மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. கரையில் அவருக்கென்று இருந்தது தங்கை வீடு ஒன்றுதான். தங்கையின் புருஷன் ஆற்று முகத்துவாரத்தில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகை ஓட்டிக்கொண்டிருந்தவன். காலையில் போவான், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருப்பான். பம்ப்காரர்தான் சும்மா இராமல், "இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் என்னத்தைக் கண்டே மாப்ளே, உன் கைக்குப் பெரிய சுக்கான் வேணும்" என்று சொல்லிச் சொல்லி, கேப்டனிடம் பேசி, அவனை எருமையில் சுக்கானியாகச் சேர்த்துவிட்டார். கை உண்மையிலேயே நல்ல கை. அவன் சுக்கானைப் பிடித்தால் கப்பலுக்குப் பின்னால் நுரை கோடு போட்டது மாதிரி நேராக வரும்.

அவன் சேர்ந்த இரண்டாவது வருஷம் யுத்தம் வந்தது.

கப்பலுக்கு மேலிருந்து கீழ்வரை சாம்பல் நிறம் அடித்தார்கள். பின்பக்கத்தில் ஒரு பீரங்கியை முளை அடித்து நிறுத்தினார்கள். அதுவரை மண்ணெண்ணெயும் டீசலும் சுமந்த தொட்டிகளில் விமானத்துக்கான பெட்ரோலை நிரப்பினார்கள். முதல் பயணத்துக்கு முந்தின நாள் தங்கை கதவருகே நின்று பம்ப்காரரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரை நீதான் கூட்டிட்டுப் போனே."

"ஆமா."

"நீயே கூட்டிட்டு வந்துடு."

அவள் அழவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பம்ப்காரருக்குத் தோன்றியது.

இரண்டரை வருஷம் எருமை ஓடியது. நாற்பது, ஐம்பது கப்பல்கள் வரிசை கட்டிப் போகும் கூட்டத்தில் எண்ணெய்க் கப்பல்களை நடுவில் வைப்பார்கள், கல்யாண ஊர்வலத்தில் பெண்ணை வைப்பது மாதிரி. மரியாதைக்காக அல்ல, விலை அதிகம் என்பதற்காக. மற்றக் கப்பல்களில் ஆட்கள் மிதவைச் சட்டையோடு தூங்கினார்கள். எருமையில் பெட்ரோல் ஏற்றிய நாட்களில் சட்டையைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கினார்கள். "அவங்களுக்கு அடிபட்டா நீந்தணும். நமக்கு அடிபட்டா பறக்கணும். அதுக்கு எதுக்குய்யா மிதவை?" என்பார் சமையல்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். 

ஒருமுறை துறைமுகத்தில் எண்ணெய் இறக்கிக்கொண்டிருக்கும்போது விமானம் போட்ட குண்டு ஒன்று மேல்தளத்தைப் பிளந்துகொண்டு ஏழாம் தொட்டிக்குள் விழுந்தது. வெடிக்கவில்லை. துறைமேடையில் இருந்தவர்கள் எல்லாம் ஓட்டமாக ஓடினார்கள். பம்ப்காரர் ஓடவில்லை; வீரத்தால் அல்ல, அந்த நேரத்தில் அவர் கால்கள் அவர் சொல்வதைக் கேட்கவில்லை. கை மட்டும் கேட்டது. எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளாதபடி கடல் நீர் வால்வைத் திறந்து அந்தத் தொட்டியை நிரப்பிவிட்டார். பிறகு வந்த குண்டு நிபுணர் அவர் தோளில் தட்டினார். அன்றைக்குச் சுக்கானி அவரைப் பார்த்து, "மச்சான், நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் எமன்கூட வரிசையில நின்னுதான் வரணும்" என்றான்.

இன்னொரு பயணத்தில் நடந்தது வேறு. முன்னால் போன சரக்குக் கப்பல் அடிபட்டு இரண்டு நிமிஷத்தில் போய்விட்டது. அதிலிருந்த ஆட்கள் தண்ணீரில் கிடந்தார்கள், சரியாக எருமை போக வேண்டிய வழியில். யாரும் நிற்கக் கூடாது, வழி மாறக் கூடாது என்பது உத்தரவு. நின்றால் நீர்மூழ்கியின் அடுத்த டார்பிடோ நிற்பவனுக்கு. விலகினால் பக்கத்து வரிசைக் கப்பல்மேல் மோத வேண்டும். சுக்கானைப் பிடித்திருந்தது சுக்கானி. கேப்டன் பின்னால் நின்று, "நேரா போ" என்றார். ஒரே தடவைதான் சொன்னார்.

வேலை முடிந்து அவன் பம்ப்காரர் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தன் கையைத் தூக்கினான் மச்சான். கூப்பிடறான்னு நெனச்சேன். இல்லை. போ, போன்னு காட்டினான். நாம நிக்கமாட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"நீ என்ன பண்ணுவே. உத்தரவு."

"நான் ஒண்ணுமே பண்ணலை. அதான். ஒரு நூல்கூடத் திருப்பலை."

பம்ப்காரர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் பழைய மாதிரி கேலி பேசினான், நன்றாகச் சாப்பிட்டான். ஆனால் அடிபட்ட கப்பல் எதையாவது பார்த்தால், "யாராவது திரும்பிப் போனாங்களா?" என்று மட்டும் கேட்பான். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும்.

கடைசிப் பயணத்தில் ஏற்றியது பெட்ரோல் அல்ல. போர்க்கப்பல்களின் கொதிகலனுக்கு எரிக்கும் கறுப்பு எண்ணெய், கூழ் மாதிரி கெட்டியானது, எளிதில் பற்றாது. எல்லோருக்கும் நிம்மதி. சமையல்காரர்கூட மிதவைச் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். "இந்தத் தடவை நீந்தற பாக்கியம் இருக்கு" என்றார்.

ஐந்தாம் நாள் புயல் பிடித்தது. எருமையால் கூட்டத்தோடு ஈடுகொடுக்க முடியவில்லை. மறுநாள் பார்த்தால் சுற்றிலும் ஈ காக்கை இல்லை, கூட்டம் போய்விட்டது. அதற்கடுத்த நாள் காலை, வெளிச்சம் வந்து அரை மணி நேரம் இருக்கும், முதல் டார்பிடோ நடு வயிற்றில் அடித்தது. இரண்டாவது அதே இடத்துக்குப் பக்கத்தில்.

பம்ப்காரர் அப்போது பின்பக்கம் சாப்பாட்டு அறையில் இருந்தார். மேலே ஓடிவந்து முன்னால் பார்த்தவருக்கு என்ன பார்க்கிறோம் என்று முதலில் விளங்கவில்லை. கப்பல் பாதியோடு நின்றுவிட்டது. தளம் கிழிந்த தகரமாகத் தொங்கியது. அதற்கப்புறம் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அப்பால், கொஞ்ச தூரத்தில், எருமையின் முன்பாதி தனியாக ஒரு கப்பல் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. சுக்கான் இருக்கும் மாலுமி மேடை அதில் இருந்தது. கேப்டன் அதில் இருந்தார். சுக்கானி அதில் இருந்தான்.

பின்பாதியில் இருபத்தாறு பேர். இன்ஜின் இங்கே, கொதிகலன் இங்கே, பம்ப் அறை இங்கே. எண்ணெய்த் தொட்டிகளின் இரும்புச் சுவர் ஒன்று வெளியே கடலைப் பார்த்து நின்று, உள்ளே தண்ணீர் வராமல் தாங்கிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கி இரண்டு அடியே போதும் என்று நினைத்துப் போய்விட்டது போலும்; அதற்குப் பிறகு அதைக் காணவில்லை. தலைமை இன்ஜினியர்தான் இனிக் கேப்டன். அறுபதை எட்டிக்கொண்டிருந்த மனிதர்; காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பார். சுவரைத் தட்டிப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், "ஓடும்யா. பின்பக்கமா ஓட்டினா ஓடும். கரைப்பக்கம் போயிடலாம்" என்றார்.

"முன்பாதியில ஏழு பேர் நிக்கிறாங்க ஐயா. எண்ணிட்டேன்" என்றார் பம்ப்காரர்.

"நானும் எண்ணினேன்."

"அவங்க பக்கத்துப் படகெல்லாம் நொறுங்கிப் போச்சு. நம்மகிட்ட ஒண்ணு முழுசா இருக்கு."

"இந்த அலையில படகை இறக்கினா ஏழோட இன்னும் அஞ்சு சேர்த்துப் போகும். யாரை அனுப்பட்டும்? நீயே சொல்லு."

பக்கத்தில் நின்ற போசன், மேல்தள ஆட்களுக்குத் தலைவர், "படகு தண்ணில நின்னாப் போதும். நான் போறேன். நிக்கணுமே" என்றார்.

"நிக்க வைக்கலாம். எண்ணெய் விட்டா அலை அடங்கும்" என்றார் பம்ப்காரர்.

மாலுமிகளுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. படகிலேயே ஒரு பையில் எண்ணெய் வைத்திருப்பார்கள், சொட்டுச் சொட்டாகக் கசியவிட. ஆனால் இந்தக் கடலுக்கு அந்தப் பை எந்த மூலைக்கு? பம்ப்காரர் தொட்டியையே திறந்துவிடலாம் என்று சொன்னார்.

தலைமை இன்ஜினியர் அவரை உற்றுப் பார்த்தார். "இது சமையல் எண்ணெய் இல்லைய்யா. தண்ணில விழுந்தவன் இதை ஒரு வாய் குடிச்சா நெஞ்சு போச்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். யாரும் விழ வேண்டாம். படகு ஒட்டிப் போகும், கயித்து ஏணியில இறங்குவாங்க. அவ்வளவுதான்."

"எல்லாம் நீ நெனைக்கிற மாதிரி நடக்குமா?"

"தெரியாது ஐயா. ஆனா விட்டுட்டுப் போனா என்ன நடக்கும்னு தெரியும்."

இன்ஜினியர் காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கீழே போட்டார். "சரி. பின்னாடி ஓட்டறேன். நீ போய் உன் வால்வைப் பாரு."

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகப் பாதிக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கே இரண்டு மணி நேரம் பிடித்தது. முன்னால் மூக்கில்லாத கப்பல் சொன்ன பேச்சைக் கேட்குமா? ஒவ்வொரு அலைக்கும் அந்த இரும்புச் சுவர் தகர டப்பா மாதிரி சத்தம் போட்டது. பம்ப்காரர் கீழே பம்ப் அறையில் இருந்தார். எண்ணெய் குளிர்ந்து இறுகியிருந்தது. நீராவி விட்டுச் சூடாக்கி, இளக்கி, கடலுக்குத் திறந்தார். மேலே ஒருவன் நின்று கத்தக் கத்த, கூட்டினார், குறைத்தார்.

"அடங்குது! அடங்குது! இன்னும் விடுங்க!"

அவர் இன்னும் விட்டார். ஒரு தடவை மேலே ஏறிவந்து பார்த்தபோது அவருக்கே நம்ப முடியவில்லை. இரண்டு கப்பல் பாதிகளுக்கும் நடுவே கடல் கறுப்பாக, வழவழப்பாக, மூச்சு விடுவது மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நுரை இல்லை. சுற்றிலும் மலைமலையாக அலை. நடுவில் மட்டும் இப்படி. போசனும் நான்கு பேரும் படகை இறக்கினார்கள். படகு நின்றது. முன்பாதியில் ஏழு பேரும் கையசைத்தார்கள். அதில் எது சுக்கானி என்று பம்ப்காரரால் சொல்ல முடிந்தது. வேறு யாரும் சட்டைக் கையை அப்படி முழங்கைக்கு மேலே சுருட்டிவிடுவதில்லை.

படகு பாதித் தூரம் தாண்டியபோது முன்பாதி சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது, தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. மாலுமி மேடை தண்ணீரைத் தொட்டது. ஏணிக்கு எல்லாம் நேரமில்லை. கேப்டன் கையை வீசி ஏதோ சொன்னார். ஆறு பேர் குதித்தார்கள். எண்ணெய்க்குள் குதித்தார்கள். கேப்டன் குதிக்கவில்லை.

பம்ப்காரர் கீழே ஓடி வால்வை மூடினார். மூடி என்ன பயன்? விட்டது விட்டதுதான்.

போசன் ஐந்து பேரைத் தேடி எடுத்தார். தலை எது, அலை எது என்று தெரியவில்லை என்று பின்னால் சொன்னார். கையால் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போனதாம். முடியைப் பிடித்து, காலரைப் பிடித்து ஏற்றினார்கள். பின்பாதிக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது ஐந்தும் ஒரே மாதிரி கறுப்பாக இருந்தன. பம்ப்காரர் ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு போனார். மூன்றாவதில் சட்டை சுருட்டியிருந்தது.

சமையல்காரர் தன்னிடமிருந்த சமையல் எண்ணெயையும் துணியையும் கொண்டுவந்து ஐந்து பேரையும் துடைத்தார். ஒரு கேலியும் பேசவில்லை. மூன்று பேர் வாந்தி எடுத்து எடுத்துப் பிழைத்துக்கொண்டார்கள். மற்ற இருவரில் வானொலிக்காரர் அன்று மத்தியானமே போய்விட்டார். சுக்கானி ஒன்றரை நாள் இருந்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை. இருமும்போதெல்லாம் கறுப்பாக வந்தது, பிறகு சிவப்பும் கலந்து வந்தது. பம்ப்காரர் தன் கட்டிலில் அவனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். படுக்க வைத்தால் மூச்சு முட்டியது.

"நீங்கதானே விட்டீங்க, மச்சான்?"

"ஆமா மாப்ளே."

"மேலே இருந்து பார்த்தேன். படகு வந்துச்சு. திரும்பி வந்துட்டீங்க பாருங்க."

"பேசாதே. பேசினா இருமல் வருது."

இருமி ஓய்ந்தான். பிறகு உதட்டோரம் ஒரு இழுப்பு வந்தது. அது வலியா சிரிப்பா என்று பம்ப்காரருக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் கம்மியா விட்டிருக்கலாம்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேசியது எதுவும் புரியும்படி இல்லை. மறுநாள் சாயங்காலம் அவன் உடலைக் கடலில் விட்டார்கள். அதற்கடுத்த நாள் காலையில் காவல் கப்பல் ஒன்றும் இழுவைக் கப்பல் ஒன்றும் வந்துசேர்ந்தன. ஆட்களை எல்லாம் மாற்றிக்கொண்டு, பின்பாதிக்குக் கயிறு கட்டி இழுத்தார்கள். கரைக்கு இன்னும் நாற்பது மைல் இருக்கும்போது, நல்ல வெயிலில், கடல் அமைதியாகக் கிடக்கையில், அந்த இரும்புச் சுவர் விட்டுக்கொடுத்தது. கயிற்றை வெட்டினார்கள். எருமை நாலு நிமிஷத்தில் போயிற்று. தலைமை இன்ஜினியர் தொப்பியைக் கழற்றினார். பம்ப்காரர் பார்க்கவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கரையில் விசாரணை நடந்தது. நீள மேசை, மூன்று அதிகாரிகள், ஒரு தட்டச்சுக்காரி. எண்ணெய் விட்டது யாருடைய யோசனை என்று கேட்டார்கள். தலைமை இன்ஜினியர், "என் உத்தரவு" என்றார். பம்ப்காரர் எழுந்து, "யோசனை என்னுது" என்றார். கண்டிப்பார்கள் என்று நினைத்தார். மூன்று பேர் உயிர் பிழைக்கக் காரணமானவர் என்று எழுதி, பதக்கத்துக்குச் சிபாரிசு செய்தார்கள்.

தங்கை வீட்டுக்கு அவருக்கு முன்பே தந்தி போயிருந்தது. எதிரியின் தாக்குதலில் உயிரிழந்தார் என்று அதில் இருந்தது. முன் அறையில் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு விரித்த பாய் சுருட்டப்படாமல் கிடந்தது. உள் அறையில் சுக்கானியின் அம்மா படுத்திருந்தாள். இடுப்பு விழுந்து படுக்கையாகக் கிடப்பவள்.

தங்கை அவரை உட்காரச் சொல்லவில்லை. "சொல்லு" என்றாள்.

அவர் சொன்னார். கப்பல் முறிந்தது, ஏழு பேரை எண்ணியது, இன்ஜினியர் எச்சரித்தது, வால்வைத் திறந்தது. ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று வழியெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தார். ஆறு பேர் குதித்தார்கள் என்ற இடத்துக்கு வந்தபோது அவள் கையை உயர்த்தினாள்.

"எண்ணெய் விடாம இருந்தா படகு போயிருக்குமா?"

"போயிருக்காது."

"விட்டதால?"



உள்ளே இருந்து குரல் வந்தது. "யாரு, பெரியவனா? இங்க வரச்சொல்லு."

தங்கை அவர் அருகில் வந்து, மெல்லிய குரலில், "அந்தம்மாகிட்ட இதைச் சொல்லாதே. அடிபட்ட உடனே முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கேன். அதையே சொல்லு" என்றாள்.

அவர் உள்ளே போனார். கிழவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நோவு இருந்துச்சாப்பா அவனுக்கு?"

"இல்லைம்மா. ஒரு நொடிதான்."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்."

"அது போதும்" என்றாள் கிழவி. கையை விடவில்லை.

அவர் வெளியே வந்தபோது தங்கை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "கொஞ்ச நாளைக்கு வராதே அண்ணே."

"எத்தனை நாள்?"

"எனக்குத் தெரியாது."

பம்ப்காரருக்கு வேறு தொழில் தெரியாது. ஆறு வாரத்தில் இன்னொரு எண்ணெய்க் கப்பலில் ஏறினார். அதில் அவர் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை. பதக்கம் தபாலில் வந்தது. பெட்டியின் அடியில் போட்டார். ஒவ்வொரு துறைமுகத்திலும் தங்கைக்குக் கடிதம் எழுதினார், உடம்பு நன்றாக இருக்கிறது என்ற அளவில். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அந்தக் கப்பலுக்கு ஒன்றும் நேரவில்லை. யுத்தம் முடிகிறவரை ஒரு கீறல்கூட விழவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் நாலு வரிக் கடிதம் வந்தது. மாமியார் இறந்துவிட்டார், காரியமெல்லாம் முடிந்துவிட்டது, கரைக்கு வந்தால் வீட்டுக்கு வரவும். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் இன்னும் மூன்று வாரம் கடலில் இருக்க வேண்டியிருந்தது.

தங்கைக்குக் காதோரம் நரைத்திருந்தது. உள் அறையில் கட்டில் இல்லை. துணி தைக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு உள்ளே அந்தம்மா இருந்தாங்க. என்னால முழுசாக் கேக்க முடியலை. கேக்கவும் பயமா இருந்துச்சு" என்றாள். "இப்ப சொல்லு. குதிச்சாங்கன்னு சொன்னியே, அங்கேருந்து."

அவர் சொன்னார். முடியைப் பிடித்து ஏற்றியதைச் சொன்னார். சமையல்காரர் துடைத்ததைச் சொன்னார். ஒன்றரை நாளையும் சொன்னார். அவள் தையல் இயந்திரத்தின் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

அவர் தயங்கினார். அந்த ஒரு வாக்கியத்தை இத்தனை நாளும் அவர் யாரிடமும் சொன்னதில்லை, விசாரணையிலும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்.

"கொஞ்சம் கம்மியா விட்டிருக்கலாம்னு சொன்னாரா?"

"ஆமா. குத்தம் சொல்றானா, கேலி பண்றானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழப்போனவர், அது அழுகை மட்டுமல்ல என்று தெரிந்து அப்படியே உட்கார்ந்தார்.

"தெனம் சாப்பாட்டுல உப்பைப் பத்தி இதையேதான் சொல்லுவாரு" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒரு நாள்கூடத் தட்டை ஒதுக்கினதில்லை. அவரேதான் அண்ணே. அவரேதான்."

 பம்ப்காரர் என்ன செய்வது என்று தெரியாமல், கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தார்.